முகம் வகையறா

எங்கள் வீட்டு வரவு செலவு நோட்டில் பால், மளிகை, கேஸ், மின்கட்டணம், மொய் என்று தலைப்புகள் உண்டு. மகள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்ததும் புதிதாக ஒன்று சேர்ந்தது: முகம் வகையறா. முதலில் சோப்புச் செலவுக்குள் அடக்கமாக இருந்த இந்த வகையறா, ஃபேஸ்வாஷ், டோனர், ஷீட் மாஸ்க் என்று கிளைவிட்டு ஒரு மாதம் மளிகைக் கணக்கையே எட்டிப் பார்த்தபோது, குடும்பத் தலைவன் என்ற முறையில் என் கண்டனத்தைத் தெரிவித்தேன். "குடும்பத் தலைவர் நான். ரேஷன் ஸ்மார்ட் கார்டை எடுத்துப் பாருங்க" என்றாள் மனைவி. பார்த்தேன். உண்மைதான்.

செலவுக்குக் காரணம் பரு. மகளுக்கு நெற்றியில் பொடிப்பொடியாக, கன்னத்தில் சிவப்பாக, தாடையில் அவ்வப்போது ஒன்று வலியோடு. "எங்க வீட்டுப் பக்கம் யாருக்கும் இப்படி இல்லை" என்று மனைவி பொதுவாகச் சொன்னாள். பார்வை மட்டும் பொதுவாக இல்லை. என் வாலிப முகத்துக்கு இருக்கும் ஒரே ஆவணம் கல்யாண ஆல்பம். அதில் ஸ்டுடியோக்காரர் தாராளமாக டச்சப் செய்திருக்கிறார். பருவை எடுக்கிற வேகத்தில் மூக்கிலும் கொஞ்சம் எடுத்துவிட்டார். ஆகவே ஆவணம் எனக்குச் சாதகம். ஆனால் இங்கிலாந்தில் இரட்டைப் பிறவிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளிவந்திருக்கிறது. ஒருவருக்குப் பரு வருவதும் இன்னொருவருக்கு வராததும் ஏறக்குறைய 80 சதவீதம் பரம்பரை விவகாரம் என்கிறது அது. இந்த ஆய்வைப் பற்றி நான் வீட்டில் மூச்சு விடவில்லை.

வைத்தியம் பார்க்க ஆளுக்குக் குறைவில்லை. என் அம்மாவின் சிகிச்சை சங்கு: சந்தனக் கல்லில் சங்கை இழைத்து, வருகிற வெள்ளைக் குழம்பைப் பருவின் மேல் வைப்பது. மனைவியின் சிகிச்சை ஜாதிக்காய். பக்கத்து வீட்டு மாமியுடையது பற்பசை. மூன்றையும் ஒரே வாரத்தில் தாங்கிய மகளின் முகத்தில் பருவைத் தவிர மற்ற இடமெல்லாம் தோல் உரிந்தது. சங்கு என்பது கால்சியம் கார்பனேட். பூசிய இடத்தைக் காயவைக்கும், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் செய்யாது. பற்பசை பல்லுக்குச் செய்தது.

இந்த நிலையில்தான் தை மாதம் என் அண்ணன் பையனுக்குக் கல்யாணம் வந்தது. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது சின்ன மச்சினி வந்து, "மாமா, ஒரு நல்ல பார்லரா பார்த்து ஃபேஷியல் பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்" என்றாள். தில்லைநகரில் ஒரு பார்லரின் விலைப்பட்டியலைக் கைபேசியில் காட்டினாள். பழ ஃபேஷியல், முத்து ஃபேஷியல், தங்க ஃபேஷியல், வைர ஃபேஷியல். "செய்கூலி சேதாரம் எவ்வளவு?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. தங்கம் 1,800 ரூபாய்.

அன்று இரவு நான் தூங்கவில்லை. 1,800 ரூபாயைத் தடுக்க விஞ்ஞான ஆதாரம் தேடினேன். நான் தேடியது செலவைக் குறைக்க, கிடைத்ததோ உண்மை. என் கஞ்சத்தனமும் தோல் மருத்துவமும் ஒரே பக்கம் நிற்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். முகத்தில் உள்ள ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் துணையாக எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. பருவ வயதில் ஹார்மோன்கள் அதை முடுக்கிவிடுகின்றன. மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிரவேண்டிய செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கின்றன. உள்ளே எண்ணெய் தேங்குகிறது. நம் எல்லோர் தோலிலும் வாடகை இல்லாமல் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா அங்கே பெருகுகிறது. அதன் பெயர் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ். 2016 வரை புரோப்பியோனிபாக்டீரியம் ஆக்னஸ் என்று இருந்தது. எண்கணிதம் பார்த்து மாற்றியதல்ல, மரபணுவைப் பார்த்துக் குடும்பத்தைப் பிரித்ததில் பெயர் மாறிவிட்டது. பிறகு உடம்பு அதன்மீது சண்டைக்குப் போகிறது. சிவக்கிறது, வீங்குகிறது, சீழ் வைக்கிறது. மூக்கின் மேல் தெரியும் கரும்புள்ளி அழுக்கு என்று நான் ஐம்பது வயதுவரை நினைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அது காற்றுப்பட்டுக் கறுத்த கொழுப்பும் மெலனினும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த தகவல் ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்த முதல் அடைப்பு, பருவாக மேலே வர ஏறக்குறைய எட்டு வாரம் ஆகலாம். அதாவது கல்யாணத்தன்று முகத்தில் வரப்போகும் பரு, கார்த்திகை தீபத்துக்கு அகல் வாங்கும்போதே உள்ளே தயாராகிவிட்டது. இரண்டு நாளைக்கு முன்னால் தங்கம் பூசி அதைத் தடுக்க முடியாது. அது மட்டுமல்ல, டெல்லியில் ஃபேஷியல் செய்துகொண்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த தோல் மருத்துவர்கள் 1999-இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். ஃபேஷியல் முடிந்து சில வாரங்கள் கழித்து, கன்னத்திலும் தாடையோரத்திலும் ஆழமான கட்டிப் பருக்கள் கணிசமானவர்களுக்கு வந்திருக்கின்றன. வாரங்கள் கழித்து வருவதால் யாரும் பார்லரைச் சந்தேகப்படுவதில்லை. பழி இடையில் சாப்பிட்ட மாம்பழத்துக்குப் போய்விடுகிறது.

காலையில் இட்லி வேகும் நேரத்தில் என் வாதத்தை எடுத்து வைத்தேன். மயிர்க்கால், எட்டு வாரம், டெல்லி எல்லாம் சொன்னேன். மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "1,800 ரூபாய்க்கு இவ்வளவு படிச்சீங்களா?" என்றாள். பகல் பன்னிரண்டு மணிக்கு நான் பார்லர் வாசலில், 'ஆண்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகைக்குக் கீழே, ஸ்கூட்டர் நிழலில் நின்றுகொண்டிருந்தேன்.

கல்யாணத்தில் மகள் முகம் பளபளவென்றுதான் இருந்தது. மண்டபத்தில் பத்துப் பேராவது "பொண்ணு கலையா இருக்கா" என்றார்கள். மச்சினி ஒவ்வொரு முறையும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறுக்கவில்லை, இறந்த மேல்தோலைத் தேய்த்து எடுத்து, ஈரப்பசை ஏற்றி, ரத்த ஓட்டம் வரும்படி பிடித்துவிட்டால் முகம் இரண்டொரு நாள் மினுங்கத்தான் செய்யும். மாசி பிறந்தபோது தாடையோரத்தில் புதிதாக நாலு கட்டிகள் கிளம்பின. டெல்லிக் கட்டுரையில் சொன்ன அதே இடம். வெற்றிபெற்ற முகத்தோடு நான் கூடத்தில் நடமாடினேன். மகளின் முகத்தில் பரு வந்ததற்கு மகிழ்ந்த தகப்பன் என்று என் அம்மா என்னை மூன்று நாள் திட்டினாள்.

இடையில் ஒரு ஆபத்திலிருந்தும் தப்பினோம். தெரிந்தவர் ஒருவர், "மெடிக்கல்ல ஒரு டியூப் இருக்கு, தடவுனா ஒரே வாரத்துல வெளுத்துடும்" என்று பெயர் எழுதிக் கொடுத்தார். ஸ்டீராய்டு களிம்பு. முதல் வாரம் பருவும் சிவப்பும் அடங்கி முகம் அழகாகவே தெரியும். பிறகு தோல் மெலிந்து, ரத்தநாளம் தெரிந்து, விட்டால் முன்பைவிட மோசமாகக் கிளம்பும். இந்தப் பழக்கத்தால் கெட்ட முகங்களுக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் தனி நோய்ப்பெயரே வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. விதி இறுகியிருக்கிறது, நம் தெருமுனையில் கேட்டால் டியூப் வருகிறது. இதில் எனக்கு வேடிக்கை ஒன்றும் தோன்றவில்லை, அதனால் மேலே போகிறேன்.

கடைசியில் தோல் டாக்டரிடம் போனோம். பார்லரில் மகளை ஒன்றரை மணி நேரம் படுக்கவைத்து, தலைக்கு வெள்ளைப் பட்டை கட்டி, மெல்லிய பாட்டு போட்டு, "ஸ்கின் ரொம்ப டல்லா இருக்கும்மா" என்று அக்கறையாகப் பேசியிருக்கிறார்கள். இங்கே டாக்டர் முகத்தை விளக்கில் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மகளைப் பார்த்தார். "பரம்பரை" என்றார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததில்தான் எல்லாம் இருந்தது. பிறகு, "அப்பா கொஞ்சம் வெளியே இருங்க" என்றார். தாடையில் வரும் பருவுக்கு மாதவிடாய் ஒழுங்கைப் பற்றியெல்லாம் கேட்க வேண்டும் என்பது நியாயம்தான். மறுபடியும் நான் ஒரு பலகைக்குக் கீழே நின்றேன்.

ஃபேஷியல் செய்யலாமா என்று மனைவி கேட்டிருக்கிறாள். சீழும் வலியும் உள்ள பருவோடு பார்லர் பக்கம் போகவே வேண்டாம் என்றாராம். வெறும் கரும்புள்ளியும் வெள்ளைப்புள்ளியும்தான் என்றால், பயிற்சி பெற்றவர் சுத்தமான கருவியால் எடுப்பதில் தவறில்லை, மருத்துவமனையிலேயே எடுப்பார்களாம். ஆனால் எடுத்த இடம் மறுபடி நிரம்பும். அமுக்குகிற அமுக்கில் அடைப்பு வெளியே வராமல் மயிர்க்காலின் சுவர் உள்பக்கமாகக் கிழிந்தால் சின்னப் பரு பெரிய கட்டியாகும். நம் நிறத்துக்கு அந்தக் கட்டி போனாலும் அதன் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் போகாது. அமெரிக்கத் தோல் மருத்துவ அகாதெமியின் 2024 வழிகாட்டியும் பென்சாயில் பெராக்சைடு, ரெட்டினாய்டு களிம்புகளைத் திடமாகப் பரிந்துரைக்கிறது. கரும்புள்ளி எடுப்பது, கெமிக்கல் பீல், லேசர் ஆகியவற்றுக்குச் சான்று போதவில்லை என்று நிறுத்திக்கொள்கிறது. முத்துப் பொடியைப் பற்றி அது யோசித்ததாகவே தெரியவில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்தது இரண்டு டியூப். அடாபலீன் என்ற ரெட்டினாய்டு இரவில், முகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் பகலில். "10 சதவீதமே கொடுத்துடலாமே டாக்டர், சீக்கிரம் போகும்" என்று நான் கதவிடுக்கு வழியாகச் சொன்னேன். 2.5-உம் 10-உம் பருவைக் குறைப்பதில் ஏறக்குறைய ஒன்றுதான், எரிச்சல்தான் கூடும் என்றார். அளவு குறைவாக இருந்தாலும் போதும் என்று ஒரு டாக்டர் சொல்லிக் கேட்டதில் என் மனம் குளிர்ந்தது. இரண்டும் சேர்ந்து தங்கத்தின் விலையில் பாதிகூட வரவில்லை. "பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். முதல்ல கொஞ்சம் காயும், உரியும், கூடுன மாதிரிகூட இருக்கும். நிறுத்தக்கூடாது. வெயில்ல போனா சன்ஸ்கிரீன்."

பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கும் என்பதை டாக்டர் சொன்னாரா, நான் வெளியே நின்றதால் கேட்கவில்லையா தெரியாது. ஆடித் தள்ளுபடியில் நான் வாங்கிவைத்திருந்த கருநீலத் தலையணை உறைகளில் மகளின் கன்னம் பட்ட இடமெல்லாம் ஆரஞ்சு நிற வட்டங்கள். பிறகு என் துண்டு. மருந்தில் மிச்சம்பிடித்த பணம் சிறுகச் சிறுக ஜவுளியில் போனது. இப்போது எங்கள் வீட்டில் தலையணை உறை, துண்டு எல்லாம் வெள்ளை. உறவினர்கள் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரிக்கிறார்கள்.

நெற்றிப் பருவுக்கு டாக்டர் வேறொரு காரணமும் சொல்லியனுப்பியிருந்தார்: தலை எண்ணெய். தலைக்குப் பூசும் எண்ணெய்ப் பசை நெற்றிக்கு வழிந்து பருவை உண்டாக்குவதை 1970-லேயே ஃபிலடெல்ஃபியாவில் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மனும் சகாக்களும் எழுதி அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். ஆனால் கிளிக்மன் என் அம்மாவைச் சந்தித்ததில்லை. தினமும் காலையில் பேத்தியைப் பிடித்து உட்காரவைத்து, உச்சியில் ஒரு கை தேங்காய் எண்ணெய் வைத்து, வழிவதை நெற்றியில் துடைத்துவிடுகிறவள் அவள். இதை நிறுத்தச் சொல்லும் பொறுப்பு ஏகமனதாக எனக்கு ஒதுக்கப்பட்டது. ஆராய்ச்சிகளை விளக்கினேன். "உன் தலையில எண்ணெய் வெச்சிருந்தா இப்படி வழுக்கையா ஆகியிருப்பியா?" என்றாள். பேச்சுவார்த்தை அந்த இடத்தில் முறிந்தது. பிறகு பேத்தியே போய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எண்ணெய், குளித்துவிட வேண்டும், நெற்றியில் படக்கூடாது என்று இரண்டு நிமிடத்தில் பேசி முடித்துவிட்டாள்.

சாக்லேட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதே கிளிக்மன் குழு 1969-இல் சாக்லேட்டுக்கும் பருவுக்கும் தொடர்பில்லை என்று அறிவித்தது. ஒப்பிடுவதற்கு வைத்துக்கொண்ட இன்னொரு இனிப்பிலும் சாக்லேட் அளவுக்கே சர்க்கரையும் கொழுப்பும் இருந்தன என்பதைப் பிறகு பலர் சுட்டிக்காட்டினார்கள். அந்த ஆய்வுக்குச் சாக்லேட் உற்பத்தியாளர் சங்கத்தின் உதவியும் இருந்தது. சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் பண்டங்களும் பாலும் பருவோடு ஓரளவு தொடர்புள்ளவை என்று இப்போது சொல்கிறார்கள். பக்கோடாவின் மேல் அப்படி வலுவான குற்றச்சாட்டு ஏதும் இல்லை. மாலை நேரங்களில் இதை நான் வீட்டில் அடிக்கடி நினைவூட்டுகிறேன்.

இரண்டாவது மாதம் மகளின் முகம் நிஜமாகவே மோசமாகத் தெரிந்தது. மச்சினி தொலைபேசியில், "நான் அப்பவே சொன்னேன்" என்றாள். மூன்றாவது மாதம் நடுவில் ஒரு நாள், புதிதாக எதுவும் வரவில்லை என்பது எங்களுக்குத் திடீரென்று உறைத்தது. இதுதான் டியூபின் குறை. வராத பருவை யாரும் பாராட்டுவதில்லை. எந்த மண்டபத்திலும் யாரும் வந்து "உங்க பொண்ணுக்குப் புதுசா எதுவும் வரலையே" என்று சொல்வதில்லை.

இவ்வளவும் தெரிந்த நான் முடி வெட்டப் போனேன். இருக்கும் முடிக்கு வெட்டு அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. கழுத்தில் துணி கட்டியிருந்ததால் எழுந்து ஓட வழியில்லை. "சார், டேன் ஜாஸ்தியா இருக்கு. ஒரு ஃபேஷியல் போட்டுடலாமா?" என்றார் கடைத்தம்பி. வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தபோது அதில் கிளென்சர் இருந்தது.

பிறகு ஸ்க்ரப். பிறகு ஆவி. ஆவி பிடித்தால் முகத்திலுள்ள துவாரம் திறக்கும், ஐஸ் வைத்தால் மூடும் என்றார். துவாரத்துக்குக் கதவும் கிடையாது, திறந்து மூடத் தசையும் கிடையாது. ஆவியில் மேலடைப்பு கொஞ்சம் இளகும், அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் ஆவி இதமாக இருந்தது. கம்பி வளையத்தால் மூக்கை அமுக்கி எடுத்து, திசுக்காகிதத்தில் துடைத்து, "பாருங்க சார், எவ்வளவு!" என்று காட்டினார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதில் பாதி, எல்லோர் மூக்கிலும் இயல்பாக இருந்து, எடுத்தாலும் சில வாரத்தில் நிரம்பிவிடும் எண்ணெய் இழை.

அடுத்தது மசாஜ் கிரீம். பரு முகத்துக்கு இதுதான் வினை. கொழகொழவென்ற கிரீமை இருபது நிமிடம் தேய்த்து மயிர்க்கால்களுக்குள் அனுப்புகிறார்கள். அழகுசாதனப் பொருட்களால் வரும் பருவைப் பற்றி 1972-லேயே எழுதியாகிவிட்டது. எழுதியது மறுபடியும் கிளிக்மன்தான். அந்த ஆண்டை நினைவுபடுத்திக்கொள்ள முயன்றேன். கடைத்தம்பியின் கட்டைவிரல்கள் புருவத்துக்கு மேலே இருந்து நெற்றிப்பொட்டுக்கு நகர்ந்தன. என் முகத்தை இத்தனை மரியாதையோடு யாரும் தொட்டுப் பல வருஷம் ஆகிறது. வீட்டில் என் நெற்றியைத் தொடுவது காய்ச்சல் பார்க்க மட்டும்தான், அதுவும் கெஞ்சினால். 1972 கையைவிட்டுப் போனது. ஒரு குறட்டைச் சத்தம் கேட்டு விழித்தேன். கடையில் வேறு வாடிக்கையாளர் யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும், "என்னங்க, முகம் பளிச்சுன்னு இருக்கு?" என்றாள் மனைவி. "வெயில்" என்றேன்.

மூன்று வாரம் கழித்துத் தாடையோரத்தில், ஐம்பத்திரண்டு வயதில், ஒரு பரு. மகள் என்னை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தன் டியூபை எடுத்து வந்தாள். "பட்டாணி அளவுதான்ப்பா. அள்ளிப் பூசாதீங்க. உங்க பங்குக்கு நீங்களே காசு போடணும்."

அடுத்த முறை முடிவெட்டப் போனபோது உஷாராகவே உட்கார்ந்தேன். ஃபேஷியல் என்ற வார்த்தை வந்ததும் கடைத்தம்பியைப் பேசவிடாமல் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன்: மயிர்க்கால், எட்டு வாரம், டெல்லிப் பெண்கள், கிரீம், உள்பக்கம் கிழியும் சுவர். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார். குறுக்கே பேசவில்லை. என் வீட்டில் இப்படி ஒரு சபை எனக்கு அமைந்ததில்லை.

"நீங்க சொல்றது கரெக்ட் சார். பரு வர்ற ஸ்கின்னுக்கு அந்தக் கிரீம் போடவே கூடாது" என்றார். "உங்களுக்குன்னே ஆன்ட்டி ஆக்னி ஃபேஷியல் வந்திருக்கு. முந்நூறு ரூபாதான் கூட."

"மசாஜ் உண்டா?" என்று கேட்டேன்.